கட்டாயம் நிரப்பவும்

சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டங்களை
விட்டுவிட்டு மேலே போக முடியாது.

முதல் நட்சத்திரம், பெயர்.
சம்பளப் புத்தகத்தில் கங்லூ.
மணியார்டர் ரசீதில் கென்குல்.
தந்தியில் பெயரே இல்லை, ஓர் எண்.
வீட்டில் கூப்பிட்டது கெங்குலு.
அதுவும் தெலுங்கில் கூப்பிட்டது.
ஒற்றைக் 'க'வில் எல்லா ஒலியையும் அடைக்கிற தமிழில் எழுதினால்
பாதி ஆள்தான் திரும்பிப் பார்ப்பார்.

விசைத்தறி நின்ற பிறகுதான் போனைத் தொட முடிகிறது.
பொதட்டூர்ப்பேட்டையில் மணி பதினொன்று.
டவர் மாறி
ஆந்திராவுக்கு ஸ்வாகதம் என்கிறது திரை.
நான் பாயை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

மாநிலம்: அழுத்தினால் விரிகிற பட்டியல்.
அவர் கோவேறு கழுதைகளோடு கப்பலேறியபோது
இது மெட்ராஸ் ராஜதானி, சித்தூர் ஜில்லா.
தந்தி வந்தபோதும் அதுவே.
ஐம்பத்து மூன்றில் ஆந்திரம்.
அறுபதில் கோடு நகர்ந்து
கரும்பும் கிணறும் கொசத்தலையாற்றின் இந்தத் துண்டும்
தமிழில் மனு எழுதத் தொடங்கின.

பதவி: சிப்பாயிலிருந்து மேலே மட்டும்.
'பிற' என்பதைத் தொட்டேன்.
நூறு எழுத்துக்குள் விளக்கச் சொன்னது.
பர்மா சேற்றில்
குண்டுப் பெட்டி சுமந்த கழுதைக்கு முன்னால் நடந்தவர்,
என்று எழுதி முடிப்பதற்குள் எண்ணிக்கை சிவந்துவிட்டது.
கழுதையின் காயத்தைக் கணக்கில் வைத்திருக்கிறார்கள்,
தேதியோடு.

உறவுமுறை: மகன், மகள், பேரன், பேத்தி.
தம்பி மகனுக்கு வாழ்க்கைப்பட்டவள் இல்லை.

சிட்டிபாபு புரண்டு படுத்தார்.
"தூங்குடி. பென்ஷனா வரப் போவுது?"
வராது.
பென்ஷனுக்காக அவரைப் பெற்றவள்
சித்தூருக்குப் பதினேழு முறை பஸ் ஏறினாள்.
பதினெட்டாம் முறை
செங்கல்பட்டில் போய்க் கேள் என்றார்கள்.

கடைசி நட்சத்திரம், புகைப்படம்.
இருப்பது ஒன்றுதான்.
கூடாரத்தின் முன் பதினொரு பேர்,
ஓரத்தில் ஒரு கழுதை, கொஞ்சம் அசைந்திருக்கிறது.
இதோ இவன்தான் என்று விரல் வைக்கக்கூடிய கடைசி ஆள்
பாவு ஓட்டும் ரங்கநாயகலு
போன ஆடியில் செத்துப்போனார்.
கேட்டிருக்கலாம்.
அவர் வீட்டுக்குப் பத்து வாசல் தள்ளித்தான் ரேஷன் கடை.

முகத்தை மட்டும் வெட்டிப் போடவும், என்கிறது.
இரண்டு விரலால் ஒவ்வொருவராக விரித்துப் பார்க்கிறேன்.
மூன்றாமவருக்குச் சிட்டிபாபுவின் காது.
எட்டாமவருக்கும் அதே காது.
வெட்டும் சதுரம் நழுவி நழுவி
கழுதையின் நெற்றியில் போய் நின்றது.

வெட்டாமலே அனுப்பினேன்.
கீழே எழுதினேன்:
பதினொருவரில் ஒருவர் எங்களுடையவர்.
மற்றப் பத்துப் பேரின் வீட்டார் யாரேனும் பார்த்தால்
உங்களுடையவரைச் சொல்லுங்கள்.
கழித்துக்கொண்டே வந்து
எங்களுடையவரை
நாங்கள் கண்டுபிடித்துக்கொள்கிறோம்.