தெலுக் பாஹாங் தாண்டி

மூன்றாம் வளைவில் வேன் நின்றுவிட்டது.
பானெட்டைத் திறந்த தர்வின்
ஆவி படிந்த கண்ணாடியைச் சட்டையில் துடைத்தபடி
"ஒண்ணுமில்ல" என்றான்.
அந்தக் குரலை எங்களுக்குத் தெரியும்.

மிச்சம் ஒரு போத்தல் தண்ணீர்.
ரேடியேட்டருக்கா, மெகிக்கா?
கை தூக்கச் சொன்னோம்.
மூன்றுக்கு ஒன்று, மெகி.

பாலிக் புலாவ் இழுவை லாரி
விடிந்தால்தான் வருமாம்.
கூடாரத்து ஆணி இறங்கவில்லை, அடியெல்லாம் கருங்கல்.
ஒரு கயிறு வேனின் கதவுப்பிடியில்,
இன்னொன்று இருட்டில் கைக்கு அகப்பட்ட மரத்தில்.

நடுநிசியில்
தொப்.
வாசனை வந்த பிறகுதான்
என்ன மரம் என்று புரிந்தது.
மெகிச் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
உட்கார்ந்தே தூங்கினாள் யாழரசி.

காலையில் வந்த ஹம்டான்
வேனைப் பார்க்கவில்லை.
டுரியான்களை எண்ணினார்.
ஏழு.
மரம் அவர் மச்சானுடையதாம்.