எந்த ஊர்த் தண்ணி

மாலை ஐந்தே முக்காலுக்குப்
பாணந்துறை ரயில் போகும்.
போகும்வரை கருவியை நிறுத்திப் பிடித்திருப்பேன்.
வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்க ஒழுங்கையில்
பல் வைத்தியம் பார்ப்பவளுக்கு முதல் பாடம்:
தண்டவாளம் அதிரும்போது
பிள்ளையின் வாய்க்குள் கை இருக்கக் கூடாது.

அந்த இடைவெளியில்தான் வந்தார்கள்.
ஆரபி, எட்டு வயது.
சீருடை மாற்றவில்லை, கழுத்துப்பட்டி மட்டும் பைக்குள்.
தாய் ஒரு கடிதத்தை நீட்டினா,
வகுப்பாசிரியை எழுதியது, நாலாய் மடித்தது:
"பிள்ளை பல் விளக்குவதில்லை.
தயவுசெய்து கவனம் எடுக்கவும்."
கவனம் என்ற சொல்லின் கீழே
இரண்டு கோடு.

கதிரையில் ஏற்றினோம்.
சந்திமா விளக்கைத் திருப்பினாள்.
ஆ காட்டு என்றேன்.
உதட்டை உள்ளே மடித்து வைத்துக்கொண்டு
கூரையில் ஒட்டிய மீன்களைப் பார்த்தாள்.
நான் எண்ணினேன். பதினொன்று என்றேன்,
வேண்டுமென்றே பிழையாக.
பன்னிரண்டு என்று திருத்த
வாய் திறந்தது.

புதிதாய் முளைத்த முன்பற்கள்,
விளிம்பில் இன்னும் தேயாத அரம்.
குறுக்கே சுண்ணாம்புக் கோடுகள்,
நடுவில் தேயிலைச் சாயம்போல் பழுப்பு.
வலப்பக்கம் எப்படியோ இடப்பக்கமும் அப்படியே.
அழுக்கு இவ்வளவு சமனாய்ப் படியாது.
சூத்தை இவ்வளவு ஒழுங்காய் வராது.
ஊசிமுனையால் தொட்டேன், வழுக்கியது.
இந்தப் பிள்ளை விளக்குகிறாள்.
அளவுக்கு மேலேயே விளக்குகிறாள்:
முரசோரம் தூரிகை கிழித்த கீறல்.

பல் வெளியே வருமுன்பே எழுதிய கணக்கு இது.
தாடைக்குள் கிடந்த காலத்தில்
குடித்த தண்ணீரையெல்லாம்
வங்கிப் புத்தகம்போல் வரிவரியாய்ப் பதிந்திருக்கிறது.

தாயிடம் திரும்பி
சாதாரணமாய்த்தான் கேட்டேன்:
"இவ பிறந்து மூண்டு நாலு வயசுவரைக்கும்
நீங்கள் எந்த ஊரில இருந்தனீங்கள்?"

கை கைப்பைக்குள் போனது.
அடையாள அட்டை வந்தது,
பின்னால் கிராம அலுவலர் கடிதம்,
வீட்டுக்காரர் ஒப்பமிட்ட ஒரு படிவம்,
எல்லாம் பொலித்தீன் உறைக்குள்,
எல்லாம் தட்டில், என் இடுக்கிக்குப் பக்கத்தில்.
"பதிஞ்சிருக்கிறம் டொக்டர். எல்லாம் சரியா இருக்கு."

சந்திமாவுக்குத் தமிழ் அரைவாசிதான் விளங்கும்.
அட்டையை எடுத்து அவள்
தாயின் கையில் வைத்து
விரல்களை மூடிவிட்டாள்.

எனக்குத்தான் நேரம் பிடித்தது.
இந்த நகரத்தில் அதே கேள்வியை
என்னிடமும் கேட்டிருக்கிறார்கள்,
விளக்கை முகத்துக்கு நேரே பிடித்து.
விளக்கைத் தணித்தேன்.

"தண்ணிக்காகக் கேட்டனான் அம்மா."

வவுனியாவுக்கு அந்தப் பக்கம், என்றா மெல்ல.
குழாய்க்கிணறு. கண்ணாடி மாதிரித் தண்ணி,
ஒருநாளும் கலங்கினதில்லை.
கண்ணாடியில் கரைந்திருந்த புளோரைட்டைச் சொன்னேன்.
"நான் கொதிக்க வைச்சுத்தானே குடுத்தனான்?"
கொதித்தால் அது போகாது, இன்னும் செறியும்
என்பதைச் சொல்லவில்லை.
இப்போது குடிப்பது கொழும்புக் குழாய்த் தண்ணீர்.
பிறகொருநாள் சொல்லலாம்.

இறப்பர்த் திரை கட்டி
அமிலப் பசை பூசி
மெதுவாய்த் தேய்த்தோம், கழுவினோம்,
திரும்பத் தேய்த்தோம்.
பழுப்பு கொஞ்சம் வெளிறியது.
ஆழத்தில் கிடப்பது கிடக்கும்.
மிச்சத்துக்கு அவள் வளர வேண்டும்.
"முழுக்கப் போகாதா?"
"முழுக்கப் போகாது."
பிள்ளைகளிடம் நான் பொய் சொல்வது
மீன் கணக்கில் மட்டும்.

கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினேன்:
பிள்ளை பல் விளக்குகிறாள். கறை தண்ணீருடையது.
கோடு போட நினைத்துப் பேனையைத் தூக்கி
பிறகு போடவில்லை.
அந்த ஆசிரியை குடித்ததும் ஏதோ ஒரு கிணறுதான்.

வாசலில் நின்று திரும்பினாள் ஆரபி.
"பன்னிரண்டு இல்ல, பதின்மூண்டு.
ஒண்டு லைட்டுக்குப் பின்னால இருக்கு,"
என்று சொன்னாள்,
கையால் வாயை மூடியபடியே.