ஒண்டி டிக்கெட்

நாளைக்குப் பகல் முழுக்கக் கரண்ட் இருக்காது என்று
திங்கள் மாலையே சொல்லிவிட்டார்கள்.
ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற
இந்த மாச ஆர்டர் தாங்காதாம்.
அப்படித்தான் ஒரு செவ்வாய்க்கிழமை
பழைய பர்ஸின் மடிப்பில் ஐம்பது ரூபாய் போல
எனக்குக் கிடைத்தது.

வீட்டில் சொல்லவில்லை.
டிபன் பாக்ஸைக் கட்டினேன்,
வழக்கமான நேரத்துக்குக் கிளம்பினேன்,
கம்பெனி பஸ் நிற்கும் முனைக்கு வந்ததும்
எதிர்ப்பக்கம் திரும்பினேன்.

லுச்சியாவால் வந்தது.
தையல் சோதிக்க இத்தாலியிலிருந்து வந்தவள்
சாப்பாட்டு நேரத்தில் போனை நீட்டினாள்:
கடலுக்குள் சரியப்போகிறமாதிரி
ரோஸும் மஞ்சளுமாய் வீடுகள்,
மலையைக் குடைந்து ஒரு ரயில்,
ரயில் விட்ட இடத்தில் படகு.
ஐந்து ஊர், ஒரே நாள், தனியாகப் போனேன் என்றாள்.
மொழிபெயர்த்த மேனேஜர் தேவசகாயம்
'தனியாக' என்பதை மட்டும் குரல் தாழ்த்திச் சொன்னார்,
வியாதியின் பெயரைச் சொல்வதுபோல.
நான் வீட்டைப் பார்க்கவில்லை, கடலைப் பார்க்கவில்லை.
அவள் காலில் போன வருஷத்து நீல மாடல்.
நாக்கு தைத்தது நானோ நஸ்ரீனோ.

ஆம்பூர் கவுண்டரில்,
"விரிஞ்சிபுரம் ஒண்ணு."
பச்சகுப்பம், மேல்பட்டி, வளத்தூர்.
யாரும் ஏறாத ஒரு நடைமேடையில்
ஆடு ஒன்று ரயிலை முழுசாகப் பார்த்து முடித்தது.
குடியாத்தத்தில் லுங்கி மூட்டைகளோடு கூட்டம்.
பக்கத்தில் இடித்து உட்கார்ந்த தக்காளிக்காரம்மா
"எங்கம்மா போற?" என்றாள்.
"சும்மாதான்."
என் முகத்தைக் கொஞ்சம் படித்துவிட்டு
"யாரு தவறிட்டாங்க?" என்றாள்.
யாரும் இல்லை என்றதை நம்பாமல்
ஒரு கொய்யாப்பழம் கொடுத்தாள்.

விரிஞ்சிபுரத்தில் ஸ்டேஷன் ஒரு கரை, ஊர் ஒரு கரை.
நடுவில் பாலாறு.
கடல்தான் இல்லை, மணலாவது இருக்கும் என்று இறங்கினேன்.
அதிலும் பாதிதான் இருந்தது.
லாரி தோண்டின பள்ளங்களைச் சுற்றிக்கொண்டு
செருப்பைக் கையில் பிடித்து நடந்தேன்.
நடு ஆற்றில் கணுக்கால் அளவு தண்ணீர்,
நாலே எட்டு.
மூன்றாவது எட்டில் நின்றுகொண்டேன்,
எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

மதிலழகு பார்த்து, உள்ளே போய்,
நேரம் காட்டும் கல்லில் ஈர்க்குச்சி வைத்தேன்.
பதினொன்றரை என்றது நிழல்.
கரண்ட் இருந்திருந்தால்
இந்நேரம் இருநூறாவது ஜோடி.

வேலூர்க் கோட்டை அகழியில் மிதி படகு.
அன்னத்தின் கழுத்து உடைந்து கம்பி தெரிந்தது.
"ஒண்டியாவா?" என்றான் டிக்கெட் பையன்.
"ரெண்டு பேரு போற படகுக்கா இது."
"ரெண்டு டிக்கெட்டே குடு."
பக்கத்துச் சீட்டில் டிபன் பாக்ஸை வைத்தேன்.
படகு என் பக்கமாகவே சாய்ந்து போனது.
பாசி வாடை, கொத்தளத்தின் நிழல்,
கரையில் ஐஸ் தின்கிற காலேஜ் பிள்ளைகள்.
அகழிக்கு அந்தக் கரை என்று ஓர் ஊர் கிடையாது,
மதில்தான்.
மதிலைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன்.
தயிர்சாதத்தைத் தண்ணீரின் நடுவில் சாப்பிட்டேன்.
பையன் விசில் ஊதினான், கை காட்டினான்,
பிறகு விட்டுவிட்டான்.

ராத்திரி அவர் கேட்டார்,
"இன்னா, மூஞ்சி இப்படிக் கறுத்துட்டுது?"
"கரண்ட் இல்ல" என்றேன்.
பொய்யில்லை.

புதன்கிழமை காலை முதல் பெட்டி:
பழுப்பு, முப்பத்தெட்டு, இடது கால்.
உட்புறம் தடவிப் பார்க்கையில்
நகக்கண்ணிலிருந்து நாலைந்து மணல் உதிர்ந்தது.
தட்டினேன். எல்லாம் விழுந்ததா என்று பார்க்கவில்லை.
ஊசி முனை கண்டுபிடிக்கும் மெஷின்
பெல்ட்டில் அதை ஏற்றிக்கொண்டது.
சத்தம் எதுவும் போடவில்லை.