கொஞ்சம் கீழே

குதிரைமேல் வரவில்லை பெய்ஷெனாலி,
குதிரையோடு நடந்து வந்திருக்கிறார்.
நாரின் ஆற்றில் பனி உடையும் மாதம்,
பதினோரு கிலோமீட்டர்,
முதுகில் சேணம் காலியாக.
பாதி நோய் எனக்கு
ஜன்னல் வழியாகவே தெரிந்துவிட்டது.

உட்காரச் சொன்னேன்.
"பரவாயில்லை."
முதுகு என்றார் முதலில்.
பிறகு இடுப்பு.
பிறகு, "கொஞ்சம் கீழே."
பிறகு குதிரையைப் பார்த்தார்.
எதுவும் காதில் விழாததுபோல் அது
முள்வேலியை முகர்ந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுச் சந்தையில் இவரைப் பார்த்திருக்கிறேன்.
கடாவின் பின்னங்கால் நடுவே கைவிட்டு
இரண்டும் சமமா, கட்டி உண்டா,
சூடு அடிக்கிறதா என்று
நூறு பேர் கேட்க விலை பேசுகிறவர்.
"இடது பெரிசு, ஐந்நூறு சோம் குறை!"
அந்த வாய்தான் இது.

"எத்தனை நாளாக?"
"எது?"
"கொஞ்சம் கீழே."

சும்மா கேட்கும் கேள்வி இல்லை இது.
போன குளிர்காலத்தில் எல்தார், பதினாலு வயது.
நள்ளிரவில் திடீர் வலி, வாந்தி.
வயிறு சரியில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.
முறுக்கிக்கொண்ட நாளத்தில் ரத்தம் ஏறாமல்
என்னிடம் வந்தபோது கறுத்திருந்தது.
விரைக்கு வேண்டியது விரைவு,
ஆறு மணி நேரம் என்பார்கள்.
வெட்கத்துக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது.

"பன்னிரண்டு நாள்."
மெதுமெதுவாக வந்ததாம்.
சாயங்காலமானால் காய்ச்சல்.
விடியும்போது சட்டையைப் பிழியலாம்,
நனைந்த வைக்கோல் வாடை என்று
பாயைத் தள்ளிப் போட்டாளாம் புருல்.
நீர் எரிகிறதா? இல்லை.
சீழ்? இல்லை.
வேறு பெண்?
கேட்கத்தான் வேண்டும். வெட்டை நோயும்
இதே வாசல் வழியாகத்தான் வருகிறது.
அவர் கோபப்படவில்லை.
"நாலு மாதமாகப் பட்டியில் படுத்திருக்கிறேன், டாக்டரம்மா.
என் வாடைக்கு யார் வருவாள்?"
நான் டாக்டர் இல்லை. திருத்தவில்லை.

திரைக்குப் பின்னால்
கூரையில் ஓட்டை எண்ணினார் அவர்.
என் கையுறைக்குள் என் விரல்கள்
அவருடைய சந்தை விரல்கள்போலவே நடந்தன:
இடது பெரிசு. சூடு. பின்பக்கம் கயிறுபோல் தடிப்பு.
தூக்கிப் பிடித்தால் வலி தணிந்தது,
அதை மட்டும் நம்பி யாரையும்
வீட்டுக்கு அனுப்பியதில்லை நான்.

இடுப்புவாரை அவர் கட்டி முடிக்கும்வரை காத்திருந்து,
"இந்த வருஷம் எத்தனை ஆடு குட்டி வீசியது?" என்றேன்.

திறந்துகொண்டது வாய்.
ஏழு!
சாம்பல் ஆட்டுக்கு நஞ்சு விழவில்லை,
முழங்கைவரை கையை விட்டு அவரே எடுத்தார்,
ஆமாம், வெறுங்கை, உறையா,
உறை போட்டால் எது வழுக்குகிறது எது ஒட்டுகிறது என்று
எப்படித் தெரியும்,
கட்டைவிரலில் கம்பி கிழித்த புண் ஒன்று இருந்தது,
அது ஆறிவிட்டது,
மிச்ச ஆடுகள் நன்றாகக் கறக்கின்றன,
பாலைக் காய்ச்சினால் செத்துப்போகும் ருசி, நீங்களே சொல்லுங்கள்...
குரல் நிமிர்ந்துகொண்டே போனது.
ஆட்டின் உடம்பில் ஒளிக்க என்ன இருக்கிறது?

"கடா?"
"அதற்கும் போன மாதம் வீங்கியது. இடது..."

நின்றது பேச்சு.
நாற்காலியைப் பார்த்தார்.
மெல்ல, ஒருக்களித்து,
உட்கார்ந்தார்.

ரத்தம் எடுத்துக் குழாயில் பெயர் எழுதினேன்.
முடிவு வந்ததும் மாத்திரை, இரண்டு வகை, ஆறு வாரம்.
நீர் செம்மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம்.
பத்தாம் நாள் சுகம்போல் இருக்கும்,
அன்று நிறுத்துகிறவர்தான்
அடுத்த வருஷமும் என்னிடம் வருகிறார்.
புருலுக்கும் முதுகு வலி என்றீர்களே, கூட்டி வாருங்கள்.
எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"அந்தக் கடா இப்போது எங்கே?"

ஜன்னல். குதிரை.
முள்வேலியில் தின்ன ஒன்றுமில்லை என்று
அதற்கும் தெரிந்துவிட்டிருந்தது.

"உங்கள் அண்ணனுக்கு," என்றார் பெய்ஷெனாலி.
"ஐந்நூறு குறைத்துத்தான் கொடுத்தேன்."