ஏழு ஜிபி

உறையில் அறுபத்து நாலு என்று போட்டிருந்தது.
செருகிப் பார்த்தால் ஐம்பத்தொன்பது.
அரிசியில் கல்லுக்குக் கழிப்பதுபோல
இதிலும் ஏதோ கழிவு உண்டாம்.
சிம் லிம்மில் கடையை மூடியிருப்பார்கள்.
என் ஆறு வருஷம் அறுபத்தாறு.

காலை பத்து மணிக்கு கத்திப் நிலையத்தில்
நிற்பார் ஷம்சூரி, நூற்றெண்பது வெள்ளியோடு.
மகளுக்காம். பாலிடெக்னிக் முதல் வருஷம்.
அதற்குள் இந்த மடிக்கணினி
என்னை மறந்திருக்க வேண்டும்.

மேகத்தில் ஏற்றிவிடும்மா என்று
தெக்கோங்கிலிருந்து மகன் அனுப்புகிறான்,
காவல்முறை முடிந்து பூட்ஸ் கழற்றும் நேரம்.
மேகம் மாதாமாதம் வாடகை கேட்பது
அவனுக்குத் தெரியாது.

சம்பளச் சீட்டுகள் போய்ச் சேர்ந்தன.
மசேநி அறிக்கைகள், வீவக கடன் கடிதங்கள்.
'முடிவானது', 'முடிவானது 2',
'இதுதான் முடிவானது'...
எல்லா வேலைக்கும் ஒரே விண்ணப்பம்,
கம்பெனி பேர் மட்டும் மாற்றி.
ஒருமுறை மாற்ற மறந்தேன்.
அந்த வேலைதான் கிடைத்தது.

இன்னும் நான்கு நிமிடம் என்றது திரை.
பிறகு இரண்டு மணி நேரம்.
பிறகு, வெட்கமில்லாமல், ஐம்பது விநாடி,
மழை நாளில் டாக்சிக்காரர் சொல்வதுபோல.
அப்புறம் நின்றுவிட்டது.
இரண்டு அடைவுகள் கரையில்.
ஒன்றுக்குத்தான் இடம்.

ஒன்று கல்யாண வீடியோ. ஏழு ஜிபி.
நாடாவிலிருந்து மாற்றி வாங்கியது.
எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள்.
நான்கூட அவரைப் பார்க்கவில்லை,
விளக்கைத் தூக்கிப் பிடித்தவனின் கையைப் பார்க்கிறேன்.

மற்றதன் பெயர் 'ஆதாரம்'.
குறட்டை விடுவதாக
குணாளன் ஒத்துக்கொண்டதே இல்லை.
"நீ கனவு கண்டிருப்பே."
மூன்று இரவுகள் இந்தக் கணினியை
அலமாரிமேல் விழித்திருக்க வைத்தேன்.
சுருக்கத் தெரியாத மென்பொருள்,
மூச்சுக்கு மூச்சு அப்படியே எழுதிக்கொண்டது.
அதுவும் ஏழு.

ஈசூன் பலதுறை மருந்தகத்தில் டாக்டர்
பத்து விநாடிகூடக் கேட்கவில்லை.
இப்போது முகமூடி, குழாய்,
தலைமாட்டில் மீன்தொட்டி மாதிரி ஒரு சத்தம்.
நல்லது. ரொம்ப நல்லது. அழுத்தம் இறங்கிவிட்டது.
நான்தான் நடு இரவில் எழுந்து எழுந்து
நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறேன்.

காதில் மாட்டிக்கொண்டு
இரண்டாம் இரவைத் திறந்தேன்.
மேட்டில் லாரி கியர் மாற்றுகிறது.
நடுவே ஒரு நிறுத்தம்.
எண்ணுகிறேன், பதினேழு, பதினெட்டு,
பிறகு என் குரல், பாதித் தூக்கத்தில்:
"திரும்பிப் படுங்க."
கட்டில் முனகுகிறது.
அவர் என்னவோ சொல்கிறார்.
மூன்று தடவை ஓட்டியும் விளங்கவில்லை.
நான் சிரிக்கிறேன், அதற்கு.
அத்தனை அசதியில்
எதற்குச் சிரித்தேன்?

கல்யாணத்தை விட்டுவிட்டேன்.
குறுந்தட்டு ஒன்று அலமாரியில் இருக்கிறது.
அதைப் போட்டுப் பார்க்க ஒரு பெட்டி
இந்த பிளாக்கில் எந்த வீட்டிலும் இருக்காது.

எல்லாவற்றையும் அகற்றவா என்று கேட்டது.
ஆம்.
நிச்சயமாகவா என்றது.
மண்டபத்தில்கூட யாரும் என்னை
இரண்டு தடவை கேட்கவில்லை.

முப்பத்தோரு சதவீதத்தில் அசையாமல் கிடந்தது.
இரண்டு மணிக்கு முகமூடிக்குள்ளிருந்து,
கடலடியில் இருப்பவர்போல, "முடிஞ்சுதா?"
"ஆயிட்டிருக்கு. தூங்குங்க."

காலையில் ஷம்சூரி திறந்து பார்த்தார்.
எந்த நாடு, எந்த மொழி என்று விசாரித்தது அது,
நேற்று வந்திறங்கியதுபோல.
ஏதும் பழுது உண்டா என்றார்.
இடைவெளிப் பொத்தானை மட்டும்
கொஞ்சம் அழுத்தித் தட்ட வேண்டும், என்றேன்.
இல்லாவிட்டால்
சொற்கள் ஒட்டிக்கொள்ளும்.