அடிநாக்கு

வியாழன், ஏழு மணி, இமர்மன் வீதி.
எங்கட சனம் ஒருத்தரும் வராத கடை.
ஒன்பது வருசத்தில் தவநிதியிடமிருந்து
வந்த முதல் செய்தி.

கிரேஃபெல்ட் ரயில் பதினான்கு நிமிடம் தாமதம்.
டுசல்டோர்ஃப் முழுக்க மழை.
சிவப்புக் காகித விளக்கின் கீழே
கண்ணாடியைத் துடைத்தபடி நின்றாள்.
நரையை அவள் மறைக்கவில்லை.
நான் மறைத்திருந்தேன்.
அண்ணி என்று கூப்பிடவில்லை,
பேர் சொல்லியும் கூப்பிடவில்லை.
"உள்ள போவம்" என்றாள்.

எட்டுப் பேர் இருக்கக்கூடிய இடத்தில்
பன்னிரண்டு பேர்.
தலையில் துவாய் கட்டிய சமையல்காரர்
கரியடுப்பை விசிறிக்கொண்டிருந்தார்.
மெனு அட்டையில் ஒரு மாட்டின் நாக்கு
சண்டை நடந்த நாட்டின் வரைபடம்போல
மூன்று நிறத்தில் பிரிந்து கிடந்தது.
பரிமாறும் பெண் ஜெர்மனில் விளக்கினாள்:
நுனி கடினம், ஓயாமல் அசைவதால்.
ஆறு மணிநேரம் அவித்தால்தான் வழிக்கு வரும்.
நடு பரவாயில்லை.
அடி மிருது. அதற்கு அதிகம் வேலையில்லை.

தவநிதி என்னைப் பார்க்காமல்
அடி என்றாள், இரண்டு பேருக்கும்.

அவளுடைய அண்ணனோடு வாழ்ந்தது ஆறு வருசம்.
அது ஒரு கையெழுத்தில் முடிந்தது.
அதுவல்ல விசயம்.
நொய்ஸ் மண்டபத்தில், அவள் மகள் மிதுஷாவின் சாமத்தியவீட்டில்,
முந்நூறு பேர் பார்த்திருக்க, கமரா என் பக்கம் திரும்பியிருக்க,
நான் ஒரு சொல் சொன்னேன்.
வீடியோக்காரன் அதை வெட்டிவிட்டானாம்.
சனம் வெட்டவில்லை.
பிறகு ஒருமுறை ஹம் கோயில் தேரில்
வடத்தின் அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான்,
முகம் பாராமல் ஒரே வடத்தை இழுத்தோம்.

"சட்டிக்கு ஆறு நாளும் பால்பழத்தோட இருக்கிற நீங்கள்..."
என்று இழுத்தேன்.
"மிதுஷா கூட்டிவந்தவள் முதல்ல.
பிறகு நானே தனிய வந்தன்."
அவ்வளவுதான் சொன்னாள்.

சாக்கே வந்தது.
சின்ன மரப்பெட்டிக்குள் ஒரு கண்ணாடிக் குவளை.
அந்தப் பெண் ஊற்றினாள், நிரம்பியது,
நிறுத்தாமல் ஊற்றினாள்.
நான் பதறித் துடைக்கும் தாளோடு கை நீட்டினேன்.
சிரித்தாள். வழிய வேண்டுமாம். வழக்கமாம்.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம்
என்று தொடங்கும் பழமொழியின் மற்றப் பாதியை
எங்கள் இருவரில் ஒருவரும் சொல்லவில்லை.

"பெட்டிக்குள்ள நிக்கிறதையும் குடியுங்கோ,"
என்றாள் தவநிதி.
"அதுக்கும் சேர்த்துத்தான் காசு."

பிறகு இறைச்சி.
தடித்த துண்டுகள், குறுக்கும் நெடுக்கும் கீறி,
ஓரம் கருகி, நடுவில் இளஞ்சிவப்பாய்.
பக்கத்தில் வாற்கோதுமைச் சோறு, உப்பிலிட்ட கோவா.
வாயில் வைத்தேன்.
என் நாக்கின்மேல் இன்னொரு நாக்கு.
ஒரு கணம் எது யாருடையது என்று தெரியவில்லை.
உப்பு, எலுமிச்சை, கரிப்புகை.
பிறகு பல் தீர்ப்புச் சொல்லியது.

அந்தச் சொல்லை அவள் கேட்கவில்லை.
ஜெர்மனில் மன்னிப்புக் கேட்பது சுலபம்,
ட்ராமில் காலை மிதித்தால் தானாக வருகிறது.
தமிழில் கேட்க வாயைத் திறந்தேன்.
அப்போது பார்த்து மாட்டுவால் சூப் வந்தது.
திறந்த வாய்க்கு வேறு வேலை தெரியாமல்
அள்ளி ஊற்றி
நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

ஐஸ் தண்ணீரை என் பக்கம் தள்ளினாள்.
"உங்களுக்கு எப்பவும் அவசரம்."
ஒன்பது வருசத்துக்கும் சேர்த்து
அவள் சொன்னது அவ்வளவு.
நான் கண்கலங்கியது சூட்டினால் என்று
இருவரும் ஒப்புக்கொண்டோம்.

காசைப் பாதிப் பாதியாய்க் கொடுத்தோம், சதம் வரை எண்ணி.
வாசலில் கை கொடுக்கவில்லை.
குடையை விரித்து ட்ராம் பக்கம் போனாள்.

இரண்டு நாள் உப்பும் தெரியவில்லை, புளியும் தெரியவில்லை.
சனிக்கிழமை காலைத் தேத்தண்ணியில்
இனிப்பு மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கையில்
போன் ஒளிர்ந்தது:
அடுத்தமுறை நுனியும் சாப்பிட்டுப் பாப்பம்
அவிய நேரம் எடுக்குமாம்
முன்கூட்டியே சொல்லவேணும்