கீழ் வரி முதலில்

மின்சாரம் போனதை இந்த ஊரில்
விளக்கு சொல்வதில்லை, தறி சொல்லும்.
கீழ்வீட்டு எட்டுத் தறியும் ஒரே மூச்சில் நிற்க
கடைக்குள் யூபிஎஸ் மட்டும் கீச்சிட்டது.
இருபது நிமிடம் தாங்கும்.
ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தி வைத்தேன்,
அறுபத்திரண்டு சதவீதத்தில்,
தாலி பாதி முடிச்சில்.

தேசம்மா நகரியிலிருந்து
பொதட்டூர்பேட்டைக்கு ஷேர் ஆட்டோவில் வந்தவள்.
மடியில் பிஸ்கெட் டப்பா, டப்பாவுக்குள் துணி,
துணிக்குள் கேசட், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு.
நாத்தனார் கல்யாணம், இரண்டாயிரத்து நாலு.
"கல்யாணம் கெடக்கட்டும்.
பந்தியில சாம்பார் வாளியோட ஒருத்தர் போவார்,
அவரு நல்லா வந்தா போதும்."

பதினோரு வினாடி.
எத்திராஜுலு. இடமிருந்து வலம்.

புது டிவி ஐம்பத்தைந்து இஞ்ச், மகன் தவணையில் எடுத்தது.
"திரை நெறைய வரட்டும்" என்றாள்.
பதினாறுக்கு ஒன்பதாய் இழுத்துக் காட்டினேன்.
வாளி அண்டாவானது.
எத்திராஜுலு ரைஸ்மில் முதலாளியானார்.
"வத்து வத்து" என்று தெலுங்கில் பதறித்
தமிழில் முடித்தாள்:
"மனுஷன் போகும்போது நாப்பத்தோரு கிலோ.
இப்ப நீ ஊதி விடாதே."
இழுக்காமல், மேலும் கீழும் வெட்டிப் பார்த்தேன்.
மேலே அவர் முடி போனது,
கீழே பந்தியின் இலைகள் போயின.
"எலை இல்லாம யாருக்கு ஊத்துவார்?"

நாலுக்கு மூன்று என்றே குறித்தேன்.
இரு பக்கமும் கறுப்புப் பட்டை.
அது என்ன என்றாள்.
கேமரா அங்கே பார்க்கவில்லை என்றேன்.
பார்க்காததற்கு யார் என்ன செய்ய, என்று விட்டுவிட்டாள்.
இந்தக் கேசட்டின் புள்ளியே சதுரமில்லை,
உயரம் பதினைந்தென்றால் அகலம் பதினாறு.
அதை நான் சொல்லவில்லை.
எழுநூற்றிருபதை எழுநூற்று அறுபத்தெட்டாக்கினேன்.
அவர் தோள் தன் அளவுக்கு வந்தது.

வாளி நகருமிடமெல்லாம் சீப்புப் பல்.
ஒரு படம் என்பது இரண்டு பாதி, என்று ஆரம்பித்தேன்,
ஒற்றைப்படை வரி ஒரு தரம், இரட்டைப்படை வரி ஒரு தரம்,
நடுவில் வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு...
"ஒத்தை இழை ஏறும், ரெட்டை இழை இறங்கும்.
இருபத்திரண்டு வருஷமா தறி ஓட்டறேன்.
எது மொதல்ல ஏறுது, அதைச் சொல்லு."

என் தொழிலில் பாதிப் பேர் கேட்காத கேள்வி.
மேல் வரி முதலில் என்று வைத்திருந்தேன்.
அதனால்தான் எத்திராஜுலு
இரண்டடி போய் ஓரடி பின்வாங்கினார்,
பந்தியில் கடன்காரனைப் பார்த்துவிட்டவர்போல.
கீழ் வரி முதலில் என்று மாற்றினேன்.
சிந்தாமல் நடந்தார்.

பிறகு ஒரு போட்டோ கேட்டாள், சட்டம் போட.
ஒன்பதாம் வினாடியில் கேமராவைப் பார்க்கிறார்.
அந்தப் படத்தைப் பாதி பாதியாகப் பிரித்தேன்.
கீழ் வரிகளில் கண்ணில் ஒரு கீற்று வெளிச்சம்.
மேல் வரிகளில் இமை மூடிவிட்டது.
இரண்டையும் கலந்தால்
கண் இருந்த இடத்தில் சாம்பல் தடவல்.
ஒரு பாதியை விட்டுத்தான் ஆக வேண்டும்.
கேட்காமலே வெளிச்சத்தைச் சேமிக்கப் போனேன்.

"மூடினதைக் குடு."

தறி இல்லாத அமைதியில் அது கொஞ்சம் சத்தமாகக் கேட்டது.

"சிரிச்சா மூடிக்கும்.
நீ வெச்சிருக்கறது சிரிக்கறதுக்கு முன்னாடி."

வீடியோவில் எந்தப் பாதியையும் விடவில்லை.
வினாடிக்கு ஐம்பது படம், கோப்பு கனக்கும், கனக்கட்டும்.
முந்நூறு சொன்னேன், இருநூற்றெழுபது எண்ணி வைத்தாள்.
கீழே ஒரு தறி இருமிப் பிடித்தது,
அப்புறம் மற்றதெல்லாம்.
அறுபத்திரண்டை ரத்து செய்தேன்.
ஊர்வலம், மேளம், யாரோ மைக்கைத் தட்டுகிறார்கள்:
பூஜ்யத்திலிருந்து.